வளைவுக்கு ஒரு மெயில்

என் மனைவியின் முட்டிக்கும் நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடையின் மெயில் சர்வருக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் எனக்கே சிரிப்பு வரும். ஆனால் சம்பந்தம் இருந்தது. மதுரை டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுப்பார், நான் அந்த நாளைத் தள்ளிப்போடுவேன். "பத்து நாள் கூடவே ஒரு ஆள் இருக்கணும், வேற சோலி வச்சுக்கக் கூடாது" என்பது டாக்டர் பேச்சு. "பத்து நாள் நீங்க இல்லேன்னா மெயிலு நின்னுபோகும்ணே" என்பது கடைப் பேச்சு. இரண்டும் மெய்தான். இரண்டு மெய்க்கும் நடுவில் அவள் மாடிப்படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முட்டி போனதும் ஏலக்காயால்தான். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் பல வருஷம் காய் பொறுக்கப் போனவள். சிமெண்ட் தரையில் கால் மடக்கி உட்கார்ந்து, முன்னால் குவித்த காயில் பச்சை தனி, வெளுப்பு தனி, வெடிப்பு தனி என்று பிரித்துத் தள்ளும் வேலை. கண்ணும் விரலும் வேலை செய்ய, கூலியை முட்டி கொடுக்கும் என்பாள்.

நான் கடையில் பில் எழுதச் சேர்ந்தவன். மலையில் எங்கள் கடைக்குச் சொந்தமாக ஒரு எஸ்டேட் உண்டு. அதன் காயும் மற்றவர்களிடம் வாங்கும் காயும் போடியில் தரம் பிரிந்து வடக்கேயும் கடல் தாண்டியும் போகும். கடைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது பெரிய முதலாளி, "உனக்குத்தான்டா கையெழுத்து நல்லா இருக்கு" என்று சொல்லி என்னை அதன் முன்னால் உட்காரவைத்தார். கையெழுத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன உறவு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

பெரிய முதலாளி மெயில் வேண்டும் என்று சொன்ன நாளில், மெயில் சர்வர் என்பது ஒரு சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். படிக்கப் படிக்கத்தான் அது ஒரு சாமான் இல்லை, ஒரு ஊர் என்று தெரிந்தது. எங்கள் கடையிலேயே மூட்டை இறக்குகிறவர் வேறு, சல்லடை போடுகிறவர் வேறு, பொறுக்கும் பெண்கள் வேறு, எடை போடுகிறவர் வேறு. மெயிலும் அப்படித்தான். வாசலில் கடிதத்தை வாங்கி வைக்க ஒரு புரோகிராம். இது குப்பையா, சரக்கா என்று பார்க்க இன்னொன்று. நோய் இருக்கிறதா என்று முகர ஒன்று. அவரவர் பெட்டியில் கொண்டுபோய்ப் போட ஒன்று. பெட்டியைத் திறந்து திரையில் காட்ட ஒன்று. ஒவ்வொன்றையும் எழுதியவர்கள் வேறு வேறு நாட்டில் இருக்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கமாட்டார்கள். எல்லாம் இனாம். சேர்த்துக் கட்டுவது மட்டும் நம் பாடு. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நான் கட்டினேன்.

கட்டி முடித்தபோது அதில் ஒரு அழகு இருந்தது. ஒவ்வொன்றும் தன் வேலையைத் தவிர வேறொன்றும் அறியாது. வாசலில் நிற்பவனிடம் பெட்டிச் சாவி கிடையாது. அவனை எவனாவது ஏமாற்றினாலும் உள்ளே ஒரு கடிதத்தைக் கூடத் தொட முடியாது. குப்பை பார்ப்பவன் சரியில்லை என்றால் அவனை மட்டும் கழற்றி விட்டு வேறொருவனை நிறுத்தலாம், மற்றவர்கள் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருப்பார்கள். வேண்டாத ஆளைச் சேர்க்கவே வேண்டியதில்லை.

அழகுக்கு ஒரு கூலியும் இருந்தது. இந்த ஆட்கள் சம்பந்திகள் மாதிரி. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாரும் தங்கமானவர்கள். ஒருவர் வீட்டில் ஏதாவது மாறினால் அடுத்தவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாசல்காரன் புது உடுப்பு போட்டு வந்தால் பெட்டிக்காரனுக்கு அவனை அடையாளம் தெரியாது. குப்பைக்காரன் ஒரு நாள் முதலாளியின் மச்சினன் அனுப்பிய கல்யாணப் பத்திரிகையைக் குப்பை என்று ஒதுக்கிவிட்டான். அதற்கு நான் அந்த வீட்டுக்கு நேரில் போய் விளக்கம் சொன்னேன். ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே இருக்கிற சந்துதான் என் உத்தியோகம். அந்தச் சந்தில் எது எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறது என்பது என் தலையைத் தவிர வேறெங்கும் இல்லை. அதனால் பந்தியில் இலை போட்ட பிறகு போன் அடிக்கும். பஸ்சில் அடிக்கும். துக்க வீட்டில் அடிக்கும். எழுந்து வெளியே போவேன். "அவரு அப்படித்தான், அவரு மெயிலுக்கு வாக்கப்பட்டவரு" என்று அவள் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பெரிய முதலாளி போய், மகன் முதலாளி ஆனார். என்னைவிட வயதில் சிறியவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் சாயங்காலம் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்கக் கூடாது. நாளைக்கே நீங்க இல்லேன்னு வைங்க."

"செத்துப்போயிட்டேன்னு சொல்லுங்க, பரவால்ல."

"வாயக் கழுவுங்க. ஊருக்குப் போயிட்டீங்கன்னு வைங்க. இந்த மெயில யாரு பாப்பா? ஒரே பெட்டியா ஒண்ணு வந்திருக்குண்ணே. வாசலு, குப்ப, வைரசு, காலண்டரு, போன் நம்பரு, அம்புட்டும் ஒண்ணுக்குள்ள. ஒரு ஸ்கிரீனு, ஒரு பாஸ்வேர்டு. கெட்டா போட்டவனே வந்து பாப்பான்."

"உள்ள என்ன நடக்குதுன்னு நமக்குத் தெரியாதே."

"என் காருக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியுமா? ஓடுதுல்ல?"

எஸ்டேட் ஜீப் டிரைவர் அப்போது வாசலில் மூட்டை இறக்கிவிட்டு நின்றிருந்தார். அவருடைய ஜீப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். எஞ்சின் ஒரு வண்டியுடையது, கியர்பாக்ஸ் வேறொன்றுடையது, முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் அறிமுகமே கிடையாது. அது தினமும் மலை ஏறி இறங்குகிறது.

"மொதலாளி, உங்க காரு நின்னா கம்பெனிக்காரன் வரணும். என் ஜீப்பு நின்னா நானே எறங்கிருவேன்" என்றார்.

"அதான் தெனமும் எறங்குறியேப்பா" என்றார் முதலாளி.

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்த ஜீப்பும் நானும் ஒரே கட்சி. இணையத்தில் இந்த இரண்டு கட்சிக்காரர்களும் போட்டுக்கொள்ளும் சண்டையை வருஷக்கணக்கில் படித்திருக்கிறேன். பிரித்து வைத்தால்தான் பத்திரம் என்று ஒரு கூட்டம், சேர்த்து வைத்தால்தான் நிம்மதி என்று ஒரு கூட்டம். அதில் யாருடைய மனைவிக்கும் முட்டி வலித்ததாக ஒருவரும் எழுதவில்லை.

வீட்டில் சொன்னேன். அவள் எண்ணெய் சூடுபண்ணி முட்டியில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கூட்டுக் குடித்தனம்னா உலை ஒண்ணு. உப்பு கூடுச்சுன்னா அத்தன பேருக்கும் கூடும்" என்றாள். "தனித்தனி அடுப்புன்னா அந்தத் தொல்லை இல்ல. ஆனா நெருப்புக் கேட்டு வீடு வீடா அலையிறது யாரு? நீங்கதான."

"அப்ப எதுதான் நல்லதுங்குற?"

"எனக்கென்ன தெரியும். நீங்க பத்து நாளு என் பக்கத்துல உக்காரணும், போன நோண்டாம. அதுக்கு எந்த அடுப்பு தோதோ அதப் பாருங்க."

இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது. மறுநாள் முதலாளியிடம் சரி என்றேன். அவர் நான் சண்டை பிடிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல, கொஞ்சம் ஏமாந்துபோனார்.

மாற்றுவதற்கு முன்னால் மெயில் வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் கேட்டேன். எப்படி எழுதுகிறீர்கள், எப்படி அனுப்புகிறீர்கள், எதில் பார்க்கிறீர்கள். எஸ்டேட்டில் ஆள்கணக்கும் காய்க்கணக்கும் பார்க்கும் ரைட்டரையும் கேட்டேன். தமிழர்தான், மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், பாதிப் பேச்சு மலையாளம். ஒரு நாள் கடைக்கு இறங்கி வந்திருந்தார். "எழுதுறேன் சாரே, அமுக்குறேன், போகுது. அத்ரே உள்ளு" என்றார். அவ்வளவுதான் என்று அர்த்தம். நானும் அவ்வளவுதான் என்று குறித்துக்கொண்டேன். அவருடைய மெயில்கள் எப்போதும் சாயங்காலம் கொத்தாக வந்து விழும். மத்தியானம் காய் எடை போட்டுவிட்டு உட்கார்ந்து மொத்தமாக எழுதுகிறார் போல என்று பல வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதுப் பெட்டி வந்தது. பழைய மெஷினை அணைத்து மேஜைக்கு அடியில் தள்ளினேன். கடையில் கணக்குப் பார்க்கும் தங்கச்சிக்கு, அவளுக்கும் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், புது ஸ்கிரீனைச் சொல்லிக் கொடுத்தேன். டீ வருவதற்குள் முடிந்துவிட்டது.

"இம்புட்டுத்தானாண்ணே?" என்று கேட்டாள்.

"இம்புட்டுத்தான்."

அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அந்த வார்த்தை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. நான் இவ்வளவு காலம் சந்து சந்தாக ஓடியது எல்லாம் ஒரு ஸ்கிரீனில் நாலு பொத்தானாக இருந்தது.

பெட்டியில் முதலாளிக்கு மிகவும் பிடித்த பொத்தான் ஒன்று இருந்தது. திருட்டுக் காவல். முன்பு ஒரு தடவை கடையில் ஒருவர் ஏதோ கண்ட மெயிலில் பாஸ்வேர்டை அடித்துக் கொடுத்துவிட, எவனோ உள்ளே புகுந்து எங்கள் பெயரில் வியாபாரிகள் அத்தனை பேருக்கும் கண்றாவியான கடிதங்களைக் கொட்டிவிட்டான். முதலாளி ஒவ்வொருவருக்காகப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். அந்தச் சூடு அவருக்கு இன்னும் ஆறவில்லை. புதுப் பெட்டியில், ஒரே கணக்கிலிருந்து ஒரே மூச்சில் நிறையக் கடிதம் போனாலோ, இங்கிருந்து ஒன்று அங்கிருந்து ஒன்று என்று இடம் மாறி மாறி வந்தாலோ, திருடன் என்று எடுத்துக்கொண்டு கணக்கைப் பூட்டிவிடும். முதலாளி அதை உச்சத்தில் வைக்கச் சொன்னார். ஒருவருக்கு மட்டும் தளர்த்திக்கொள்ளும் வசதி அதில் இல்லை. இருந்தால் எல்லாருக்கும், இல்லாவிட்டால் யாருக்கும் இல்லை. ஒரே உலை.

போன் அடங்கியது. முதல் சில நாள், உயிரோடுதான் இருக்கிறதா என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "தொட்டில்ல பிள்ள தூங்குதான்னு பாக்குற மாதிரில்ல பாக்குறீங்க" என்றாள். ஆபரேஷனுக்கு நாள் வாங்கினோம். இந்தத் தடவை நான் தள்ளிப்போடவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. எழுப்பி நடக்கவைக்கும் நாள் வந்தது. சாயங்காலம் பயிற்சி கொடுக்கும் அம்மா வந்து கட்டிலின் ஒரு பக்கம் நின்றார். மறுபக்கம் நான். என் மனைவி இரண்டு கையையும் ஊன்றி, காலைத் தரையில் வைக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது.

கணக்குத் தங்கச்சி. "அண்ணே, உங்களக் கூப்புடவே கூடாதுன்னுதான் இருந்தேன். மலையில இருந்து ஒரு மெயிலும் வரலண்ணே. இதுவரைக்கும் காயில்லாத நேரம், ஒண்ணு ரெண்டுதான் வந்துச்சு; காய் எடுப்பு ஆரம்பிச்சதும் ரைட்டரு கணக்கு பூட்டிக்கிச்சு. நேத்தும் பூட்டுச்சு, தொறந்துவிட்டேன். இன்னிக்கும் பூட்டிருக்கு. நாளைக்கு ஏலத்துல வைக்கிற காயோட லாட்டு விவரம், போட்டோ எல்லாம் அதுலதான் வரணும். இன்னிக்கு ராத்திரிக்குள்ள பதியலேன்னா அடுத்த ஏலந்தான்."

"பூட்டுனா அவருக்குத் தகவல் போயிருக்குமே?"

"போயிருக்குண்ணே. பூட்டிட்டோம்ங்கிற கடுதாசிய அந்தப் பூட்டுன பெட்டிக்குள்ளயே போட்டிருக்கு."

பயிற்சியம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பேசிட்டு வாங்க சார், நான் மத்த பேஷண்ட்டப் பாத்துட்டு நாளைக்கு வர்றேன்" என்றார். என் மனைவி ஊன்றிய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பந்தியில் நான் இலையை விட்டு எழுந்தபோதெல்லாம் பார்ப்பாளே, அந்தப் பார்வை கூட இல்லை. சுவரைப் பார்த்தாள்.

நான் வெளியே போகவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலின் மேல் வைத்தேன். "அம்மா, நீங்க ஆரம்பிங்க" என்றேன். அவள் கையை எடுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன்.

இப்படியாக அவள் முதல் அடியை எடுத்து வைத்தபோது அந்த அறையில் ஏலக்காய்க் கடையே இருந்தது.

"அவரு என்ன வழக்கத்துக்கு மாறா ஏதும் செஞ்சாரான்னு கேளு தங்கச்சி."

"கேக்க முடியாதுண்ணே. அங்க சிக்னலு ஏது?"

"சிக்னலு இல்லேன்னா மெயிலு எப்படி அனுப்புறாரு?"

ஜீப் டிரைவர் அப்போதுதான் மலை இறங்கிக் கடைக்கு வந்திருந்தார். அவர் குரல் தூரத்திலிருந்து கேட்டது. "அது என் ஜீப்புலதானண்ணே வருது."

"எது?"

"மெயிலு."

பயிற்சியம்மா, "வலது கால், மெதுவா" என்றார்.

டிரைவர் போனுக்குப் பக்கத்தில் வந்து விளக்கினார். ஒரு மழையில் மரம் விழுந்து எஸ்டேட்டுக்குப் போகும் கேபிள் அறுந்ததாம். இழுக்கிறோம் இழுக்கிறோம் என்றார்கள், இழுக்கவில்லை. அன்றிலிருந்து ரைட்டர் நாள் முழுக்க போனில் எழுதி எழுதி அனுப்பு பொத்தானை அமுக்கிவைப்பார். அது போகாமல் உள்ளேயே குவிந்து கிடக்கும். சாயங்காலம் வேலைக்கு வந்த பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப் இறங்கும்போது போனை டிரைவர் பையில் போட்டுவிடுவார். போடிமெட்டு தாண்டி வளைவுகளில் இறங்க ஆரம்பித்ததும் சிக்னல் பிடிக்கும். ஒரு வளைவில் கேரளா டவர், அடுத்த வளைவில் நம் டவர். பைக்குள் டிங் டிங் என்று எல்லாம் பறக்கும். காலையில் போன் பதில்களோடு மேலே போகும்.

"எம்புட்டு நாளா இப்பிடி?"

"கேபிளு அறுந்ததுல இருந்துண்ணே."

"எல்லாரையும் கேட்டேனே. எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலயேப்பா."

"நீங்க மெயிலப் பத்தித்தான கேட்டீங்க. ஜீப்பப் பத்திக் கேக்கலயே."

அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களுக்கு ஜீப் என்பது ஜீப். காய் வரும், ஆள் வரும், தக்காளி போகும், போனும் வரும். என்னுடைய பழைய ஏற்பாட்டில் இது ஏன் ஒரு நாளும் தகராறு செய்யவில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. கடிதங்களை எண்ணிப் பார்க்கும் ஆளை நான் அதில் சேர்க்கவே இல்லை. வாசல்காரன் கொத்தாக வந்தாலும் வாங்கி வரிசையில் வைத்து ஒவ்வொன்றாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தான். புதுப் பெட்டியில் எண்ணுகிறவன் கூடவே பிறந்து வந்திருக்கிறான். மலை இறங்கும் ஜீப்பைப் பார்த்து அவன் திருடன் என்கிறான். அவன் பார்வையில் அதுவும் நியாயம்தான்.

முதலாளி குரல் வந்தது. "அண்ணே, மதினி எப்படி இருக்காங்க?"

"நடந்துக்கிட்டு இருக்கா. தம்பி, அந்தத் திருட்டுக் காவலக் கொஞ்சம் எறக்கி வைப்போமா?"

"அது மட்டும் வேணாம்ணே. அன்னிக்குப் பட்டது போதும்."

என் தோளில் அவள் பிடி இறுகியது. நெற்றி முழுக்க வேர்வை. மூன்றாவது அடியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே, "மொத்தமாக் கொட்டுனாத்தான திருடங்குது. ஒண்ணொண்ணா அனுப்பச் சொல்லுங்க, பேச்ச முடிங்க" என்றாள்.

"கேட்டுச்சு மதினி" என்றார் டிரைவர். "ரைட்டர எழுதி மட்டும் வைக்கச் சொல்லிட்டு, வளைவுக்கு ஒண்ணா நான் அமுக்கிவிடுறேன்; கீழ வந்து ஒண்ணொண்ணா அனுப்புனா தெனமும் ராத்திரியாயிரும். நம்ம டவரு ஒழுங்கா எடுக்கிற வளைவாப் பாத்து நிப்பாட்டுனாப் போச்சு. இன்னிக்கி உள்ளத, போனு என் பையிலதான் இருக்கு, தங்கச்சி பூட்டத் தொறந்தா இங்கன உக்காந்தே ஒவ்வொண்ணா அனுப்புறேன்."

அப்படியே நடந்தது. லாட்டு விவரம் நேரத்துக்குப் பதிவானது. என் மனைவி ஜன்னல் வரை போய்த் திரும்பினாள். பத்து நாளும் அதற்குப் பிறகு போன் அடிக்கவில்லை. ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டு, அவள் சொல்லும் பழைய கதைகளைக் கேட்டுக்கொண்டு, பாதியில் தூங்கிவிட்டு, கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு அசதி எனக்குள் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. உட்கார இடம் கிடைத்ததும் எல்லாம் வெளியே வந்தது.

போடிக்குத் திரும்பினோம். மழை வந்து போனது. கடையில் மெயில் பேச்சே இல்லை. வளைவுக்கு ஒரு மெயில் ஏற்பாடு தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அவளுக்குத் தினமும் நடக்கவேண்டும் என்று சொல்லியிருந்ததால் சாயங்காலம் ஒரு கம்பு ஊன்றிக்கொண்டு என்னோடு வருவாள். ஒரு நாள் ஜீப்புகள் வந்து நிற்கும் இடம் வரைக்கும் போனோம். எங்கள் எஸ்டேட் ஜீப் அப்போதுதான் வந்து நின்றது. சிலமலை, ராசிங்காபுரம் என்று பக்கத்து ஊர்ப் பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இறங்கினார்கள். பகலெல்லாம் ஏலச்செடியின் தூரில் குத்த வைத்துக் காய் எடுத்துவிட்டு, கால் நீட்ட இடமில்லாத ஜீப்பில் மடங்கி வந்தவர்கள். இரண்டு மூன்று பேர் அவளோடு முன்பு காய் பொறுக்கியவர்கள்.

"மதினி, நடந்துட்டீங்களே, நல்லாருங்க" என்றார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவர், "அந்தா நிக்கிறாருல்ல, அவரு லெட்டருக்குத்தான் வளைவு வளைவா நின்னு வர்றோம்" என்றார்.

"முன்ன விளக்கு வைக்கிறதுக்கு முந்தி வீட்டுக்குப் போயிருவோம். இப்ப எங்க. ராசிங்காபுரம் பஸ்சும் போயிருது, சிலமலை ஆட்டோவும் போயிருது."

"டிரைவரண்ணே ஒவ்வொரு வளைவுலயும் நிப்பாட்டி போனத் தூக்கி வானத்துக்குக் காட்டுறாரு. சாமி கும்புடுறாரோன்னு பின்னால வர்ற வண்டிக்காரன் எல்லாம் கும்புடுறான்."

எல்லாரும் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார். கடைசியாக இறங்கிய அம்மா சிரிக்கவில்லை. ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலை நேராக்கி, கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு என் மனைவியிடம்தான் சொன்னார், என்னிடம் இல்லை.

"எங்களுக்கும் முட்டி இருக்குல்ல மதினி."

அவள் கம்பை ஊன்றி வீட்டைப் பார்த்து நடந்தாள். நான் கூடவே போனேன். நான் சுமந்துகொண்டிருந்த சோலி எங்கோ ஒழிந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது ஜீப்பில் உட்கார்ந்திருந்தது.

சாப்பிட்டுக் கை கழுவும்போது கேட்டாள். "அந்தப் பழைய மெஷினு இன்னும் கெடக்கா?"

"மேசைக்கு அடியில கெடக்கு."

"அதுல ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு ஆளு வச்சிருந்தீங்கல்ல. கொத்தா வந்தா வாங்கி வச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா உள்ள விடுற ஆளு எவனும் இல்லையா?"

"வாசல்ல நின்னவன் அதத்தான் செஞ்சான்."

"அவன மட்டும் கூப்புட்டுப் பெட்டிக்கு முன்னால நிப்பாட்டுங்க."

நிறுத்தலாம்தான். ஜீப்பிலிருந்து வரும் கொத்தை அவன் வாங்கி வரிசையில் வைத்துக்கொண்டு, மெதுவாக ஒவ்வொன்றாகப் புதுப் பெட்டிக்குக் கொடுப்பான். எண்ணுகிறவனுக்குச் சந்தேகம் வராது. ஜீப் நிற்கவேண்டியதில்லை. இது எனக்கு முன்பே தெரியாமல் இல்லை. ஆனால் ஒருவனை வெளியே நிறுத்தினால் அவனுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சந்து உண்டாகும். சந்து என்றால் நான்தான்.

"அவன் மொகத்தத் திருப்பிக்கிட்டான்னா என்னத்தான் கூப்புடுவாங்க" என்றேன். "புதுப் பெட்டிக்காரன் அவனப் பாக்கமாட்டான். தங்கச்சிக்கும் அவன் பாஷை தெரியாது."

அவள் துண்டை என் கையில் கொடுத்தாள். "ஒருத்தன்தான?"

"ஒருத்தன்தான்."

"அந்த அஞ்சாறு பேரும் ஒருத்தன்ல ஆரம்பிச்சவங்கதான். தெரியும். போயி நிப்பாட்டுங்க."

முதலாளி, "எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டு மறுபடியும் ஒண்ணத் தூக்கி வெளிய வைக்கிறீங்களேண்ணே" என்றார். ஆமாம் என்றேன். ஜீப்புக் கதையைச் சொன்னேன். காவலைத் தளர்த்தவேண்டியதில்லை என்பதைக் கேட்டதும் தலையாட்டினார். பழைய மெஷினைத் துடைத்து எடுத்து மின்சாரம் கொடுத்தேன். உள்ளே இருந்த மற்ற ஆட்களை எல்லாம் அனுப்பிவிட்டு வாசல்காரனை மட்டும் வைத்துக்கொண்டேன். அவன் விசிறி கரகரவென்று சுற்ற ஆரம்பித்தது. ஜீப் மறுபடியும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தது. ஜீப் நிற்கும் இடத்தில், முட்டியைப் பற்றிச் சொன்ன அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை, பஸ்சைப் பிடிக்க வெரசாகப் போய்க்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சாயங்காலம், நாங்கள் நடந்துகொண்டிருந்தபோது, கடைத்தெருவில் போன் அடித்தது. நான் எடுக்காமல் அவளைப் பார்த்தேன். அவள் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் கையை ஊன்றி, முட்டியை மெல்ல மடக்கி உட்கார்ந்தாள்.

"பேசுங்க. நான் இங்கன இருக்கேன்."

"வலிக்குதா?"

"மடங்குதுல்ல. பேசுங்க."

எடுத்தேன்.

"அண்ணே" என்றாள் கணக்குத் தங்கச்சி, "அந்த ஒருத்தன்..."